கிளிமூக்கு மலை



நமுனுகுல மலைச்சரிவில் விடியற்காலையில் நின்றிருக்கிறீர்களா? பள்ளத்தாக்குகளைப் பனிமூட்டம் நிரப்பிக் கிடக்கும். சிறு குன்றுகளின் தலைகள் மட்டும் அதற்கு மேலே தீவுகளைப்போலத் தெரியும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு விரையும் தாய்மாருக்கு அதனை நின்று பார்க்க நேரமிருப்பதில்லை. வெளியூரிலிருந்து வருவோர்தாம் கடல்போல இருக்கிறதே என்று வியந்து நிற்பர். மெய்யான கடலோ வெகு தொலைவில் உள்ளது. நேர்கோட்டில் அளந்தாலும் பொத்துவில் கரைக்கு ஏறக்குறைய 80 கிலோ மீற்றர் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் பாடசாலைச் சுற்றுலா ஒன்றிலேதான் கடலை முதன்முதலாகக் கண்டிருப்பர்.

ஆயினும் இவ்வாரம் ஒரு கடற்பயணத்தைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். தீவுக்குத் தீவு பாய்விரித்துச் சென்ற பயணம் அது. நடுவழியில் காற்று மாறி, மழை அறைந்து, கப்பல் தன் போக்கை இழந்த பயணம். அந்தப் பயணத்தில் நமது நமுனுகுலவுக்கும் ஒரு பங்கு இருந்தது.

1432ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, சுமாத்திராத் தீவின் வடகரையில் இருந்த சமுத்திரா என்னும் துறையிலிருந்து சீனக் கப்பற்படை ஒன்று இலங்கை நோக்கிப் புறப்பட்டது. செங் ஹோ என்னும் தளபதியின் பெயரால் அறியப்படும் ஏழு பயணங்களுள் அதுவே கடைசியானது. அக்கப்பல்களில் ஃபெய் ஷின் என்னும் போர்வீரர் ஒருவரும் இருந்தார். தாம் கண்ட நாடுகளைப் பற்றிப் பின்னர் நூல் எழுதியவர் அவர். அதே மாதம் 15ஆம் திகதியைப் பற்றி அவர் எழுதியுள்ளவை மிகச் சில வரிகளே. காற்றும் மழையும் நீரோட்டமும் எதிராயின. கப்பல் தற்செயலாக நிக்கோபார்த் தீவுகளைச் சென்றடைந்தது. மூன்று பகலும் மூன்று இரவும் அங்கே கட்டிக் கிடந்தார்கள். தீவு மக்கள் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணிகளில் வந்து தேங்காய் விற்றார்கள். அவ்வளவுதான் அவர் சொல்வது.

நல்ல காற்று வாய்த்தால் நான்கைந்து நாட்களில் முடியக்கூடிய வழிக்கு, அவர்களுக்குப் பதின்மூன்று நாட்கள் சென்றிருந்தன. அந்த நாட்களின் அவதியை அந்தப் போர்வீரர் விவரிக்கவில்லை. ஆனால் தேங்காயை மறவாமல் எழுதிவைத்தார். நாட்கணக்கில் மரத்தொட்டியில் கிடந்த நீரைக் குடித்தவனுக்கு இளநீர் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த ஒரு சொல்லே நமக்குச் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இக்கப்பல்கள் யாத்திரிகரின் கப்பல்கள் அல்ல. படைவீரரும் படைக்கலங்களும் ஏற்றியவை. முந்திய பயணம் ஒன்றில், அழகக்கோன் மரபைச் சேர்ந்த ஆட்சியாளர் ஒருவரைப் போரில் பிடித்து 1411இல் சீனத்துக்குக் கொண்டுசென்றவர்களும் இவர்களே. எனினும், கடல் கொந்தளிக்கும்போது தளபதிக்கும் தேங்காய் விற்பவனுக்கும் ஒரே காற்றுத்தான் அடிக்கிறது.

இனி நமது மலைக்கு வருவோம். அப்பயணங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மா ஹுவான் என்பவரும் ஒரு நூல் எழுதினார். இலங்கைக்கு வரும் வழியை அவர் விளக்கியிருப்பது, பஸ் வண்டிக்கு வழி கேட்பவருக்கு நம்மூர்ப் பெரியவர் சொல்வதைப்போல எளிமையானது. நிக்கோபார்த் தீவுகளைக் கண்டபின் நேர்மேற்கே செல்லுங்கள். நல்ல காற்றில் ஏழு நாட்கள் சென்றால் கிளிமூக்கு மலை தெரியும். மேலும் இரண்டு மூன்று நாட்களில் புத்தர் கோயில் மலையை, அதாவது தேவேந்திர முனையை, அடைவீர்கள். அதன்பின் இலங்கையின் துறையாகிய பேருவளை வரும். இந்தப் பொருள்பட எழுதியிருக்கிறார் அவர். இந்நூலை 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மில்ஸ் என்னும் அறிஞர், அந்தக் கிளிமூக்கு மலை நமுனுகுலவே என்று அடையாளம் கண்டார்.

சிங்களத்தில் நமுனுகுல என்றால் ஒன்பது சிகரங்கள் என்பர். அடிவாரத்தில் வாழ்கிறவர்கள் ஒன்பதையும் எண்ணுகிறார்கள். கடலில் வருகிறவனுக்கோ அடிவானத்துக்கு மேல் வளைந்து நிற்கும் ஓர் அலகு மட்டுமே தெரிந்திருக்கிறது. ஒரே மலைக்கு இரண்டு பெயர்கள் இப்படித்தான் உண்டாயின போலும்.

மலையின் உயரம் 2,036 மீற்றர். உலகம் உருண்டை என்பதால், இத்தனை உயரமான ஒன்று கண்ணுக்கு எட்டக்கூடிய தூரம் ஏறக்குறைய 160 கிலோ மீற்றர். அதில் பாதி தரையிலேயே கழிந்துவிடுகிறது. எஞ்சிய 80 கிலோ மீற்றர் கடலின்மேல் நீள்கிறது. தாழ்ந்து கிடக்கும் கிழக்குக் கரையையோ, கப்பல் தட்டில் நிற்பவன் மிகவும் நெருங்கி வந்த பிறகே காண முடியும். நிக்கோபாரிலிருந்து நம் கரை ஏறக்குறைய 1,300 கிலோ மீற்றர். அதை ஏழு நாட்களில் கடந்தால் மணிக்கு எட்டு கிலோ மீற்றர்கூட ஆகாது. பசறை ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும் பஸ் வண்டிகூட அதைவிட வேகமாகப் போகும். இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். சூரியன் இறங்கும் வேளையில் அந்த அலகு கருத்துத் தெரிந்ததென்றால், கரைக்கு இன்னும் ஓர் இரவுப் பயணமே இருக்கிறது என்று பொருள். அதை அறியாமல் தூங்கியவன் விடியும்போது கரையில் மோதியிருப்பான்.

இன்னொரு செய்தியும் உண்டு. நிக்கோபாரின் தென்கோடித் தீவும் நமுனுகுலவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரே அளவில், ஏழு பாகையை ஒட்டி, அமைந்துள்ளன. ஆகவே, வடக்கும் தெற்கும் விலகாமல் மேற்கே வந்தால் போதும். எதிரே இம்மலை நிற்கும். விலகினோமா என்று அறிய இரவில் விண்மீன்களின் உயரத்தைப் பலகை கொண்டு விரற்கணக்கில் அளந்தார்கள். நம் சோழமண்டலக் கரைக் கடலோடிகளிடமும் அத்தகைய கருவி ஒன்று இருந்தது. அதற்கு இராப்பலகை என்று பெயர். பலகையின் நடுவே ஒரு நூல். நூலில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தோடும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனோடும் பொருத்திப் பார்ப்பார்கள். நம் பகுதியில் அவ்விண்மீன் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்தே நிற்கும். அதை மறைக்க ஒரு சிறு முகில் போதும்.

கொந்தளிக்கும் கடலில் உண்மையான துன்பம் எது என்பது இங்கேதான் விளங்குகிறது. அலை பயங்கரமானதுதான். ஆனால் அலைக்குச் செய்ய வேண்டியவற்றைக் கடலோடி அறிவான். பாயைச் சுருக்குவான், அணியத்தை அலைக்கு நேரே பிடிப்பான், புகுந்த நீரை இறைப்பான். சூரியனும் விண்மீனும் மறைந்த பின்பு தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போவதற்கு அவனிடம் மருந்தில்லை.

நம் தீவிலிருந்தே புறப்பட்ட ஒருவர் இதனை அனுபவித்து எழுதியிருக்கிறார். பாகியன் என்னும் சீனத்துத் துறவியைப் பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாண்டுகள் இங்கே தங்கி ஏடுகளைச் சேகரித்தவர்; அநுராதபுரத்தில் வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு, தாய்நாட்டை நினைத்துக் கண்ணீர் விட்டவர். 411ஆம் ஆண்டளவில், 200 பேருக்கு மேல் ஏற்றிய பெரிய வணிகக் கப்பல் ஒன்றில் அவர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். ஆபத்துக்கு உதவவென்று அதன் பின்னே ஒரு சிறிய கப்பலும் கயிற்றில் கட்டப்பட்டிருந்தது. இரண்டு நாட்கள் நல்ல காற்று. அதன்பின் புயல். பெரிய கப்பலில் துவாரம் விழுந்து நீர் ஏறியது. வணிகர்கள் சிறிய கப்பலுக்குத் தாவ முற்பட்டார்கள். இத்தனை பேரும் ஏறினால் அமிழ்ந்துபோவோமே என்று அஞ்சிய சிறிய கப்பலின் ஆட்கள், கயிற்றை வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு சரக்குகளைக் கடலில் எறியத் தொடங்கினார்கள். துறவியும் தமது தண்ணீர்ச் செம்பை எறிந்தார். கைகழுவும் பாத்திரத்தை எறிந்தார். தம் ஏடுகளையும் எடுத்து எறிந்துவிடுவார்களோ என்பதே அவருடைய பெரும் பயமாக இருந்தது. பதின்மூன்று பகலும் பதின்மூன்று இரவும் காற்று ஓயவில்லை. கடைசியில் ஒரு தீவின் ஓரத்தை அடைந்து, நீர் வற்றியபோது துவாரத்தைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். இருட்டில் ஒன்றோடொன்று மோதி நெருப்பைப்போல ஒளிவிடும் அலைகளையன்றி எதையும் காணவில்லை என்றும், எங்கே போகிறோம் என்று கப்பல்காரர்களுக்கே தெரியவில்லை என்றும், வானம் தெளிந்த பின்னரே கிழக்கு மேற்கு தெரிந்து வழியைப் பிடித்தார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

இப்பகுதியைப் படிக்கும் உங்களுக்கு வேறொரு கப்பல் நினைவுக்கு வராதிருக்க முடியாது. அப்போஸ்தலராகிய பவுலைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பலும் தீவுகளுக்கு இடையே சென்றதுதான். சீப்புரு, கிரேத்தா, கிலவுதா, முடிவில் மெலித்தா. அங்கே 276 பேர். அங்கேயும் சரக்கை எறிந்தார்கள். அங்கேயும் பல நாட்கள் சூரியனோ நட்சத்திரமோ காணப்படவில்லை. அங்கேயும் பதினான்காம் இரவு வரை புயல் நீடித்தது. சிறுபடகின் கயிறும் அங்கே அறுக்கப்பட்டது. ஆனால் அதை அறுத்தவர்கள் பெரிய கப்பலில் இருந்த போர்ச்சேவகர். கப்பலோட்டிகள் மற்றவர்களைக் கைவிட்டுத் தப்பிப்போகாதபடிக்கு அதைச் செய்தார்கள். ஒரு கயிறு, மற்றவர்கள் ஏறாதிருக்க அறுக்கப்பட்டது. மற்றொரு கயிறு, எவரும் இறங்கிப் போகாதிருக்க அறுக்கப்பட்டது. இரண்டு கத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பயணத்தை ஒரு கடலோடியின் கண்ணால் ஆராய்ந்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித். பாய்ப்படகு ஓட்டுவதில் நீண்ட பழக்கமுள்ள அவர், 1844ஆம் ஆண்டின் குளிர்காலத்தை மெலித்தாவாகிய மால்ட்டாவில் கழித்து, 1848இல் தம் நூலை வெளியிட்டார். புயலில் பாய் சுருக்கிய கப்பல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 மைல் தூரம் ஒதுக்கப்படும் என்று கொண்டு, கிலவுதாவிலிருந்து மால்ட்டாவுக்குக் கணக்கிட்டார். பதின்மூன்று நாட்களுக்குச் சற்று அதிகமாக வந்தது விடை.

அந்தப் பதினான்காம் நள்ளிரவில் கப்பலாட்கள் கரை நெருங்குவதை உணர்ந்தார்கள். விழுது விட்டுப் பார்த்தபோது இருபது பாகம். சற்று அப்பால் பதினைந்து பாகம். உடனே மகிழ்ந்தார்களா? இல்லை. பயந்துபோய், பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். தரை வந்தால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் கரையில் இருப்பவர்களே. புயலில் அகப்பட்டவனுக்குக் கடலின் நடுவே இடம் உண்டு. கரையோரத்தில் பாறைதான் உண்டு. தரையும் எப்போதும் தஞ்சமல்ல என்பதை நமக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தயில் மலையே இறங்கி வந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, கடலின் காற்றையும் மழையையும் நமது மாவட்டத்தின் சரிவுகளுக்கே கொண்டுவந்தது.

நமுனுகுலவைக் கண்ட கப்பல்களுக்கும் அப்படி ஒரு பாறை காத்திருந்தது. மலையைக் கண்ட ஆசையில் நேரே கரைக்குப் போயிருந்தால் அங்கே பெருங்கப்பலுக்கு ஏற்ற துறை இல்லை. தெற்கே திரும்பிக் கரையை ஒட்டிப் போனாலோ, கிரிந்தவுக்கு அப்பால் கடலுக்குள் இராவணன் கோட்டை என்று வழங்கும் பாறைத்தொடர்கள் கிடக்கின்றன. அவற்றின்மேல் ஆங்கிலேயர் 1873இலும் 1878இலும் வெளிச்ச வீடுகள் கட்டினார்கள். அதற்கு முன் அங்கே விளக்கில்லை. 1961இல் அப்பாறைகளுக்கு இடையே சுழியோடியவர்கள் ஒரு பழைய கப்பலின் சிதைவையும் வெள்ளி நாணயக் குவியல்களையும் கண்டார்கள். சூரத் நகரில் 1702ஆம் ஆண்டளவில் அச்சிட்ட ரூபாய்கள் அவை. அக்கப்பலின் ஆட்கள் யார், எங்கே போனார்கள் என்று சொல்ல அந்த வெள்ளிக்கு வாயில்லை.

ஆகையால் நமுனுகுல கடலோடிக்கு ‘வா’ என்று சொன்ன மலையன்று. நீ இங்கே இருக்கிறாய், இனி நெருங்காதே, விலகித் தெற்கே போ என்று சொன்ன மலை. அதைக் கண்டு உயிர் தப்பியவர்கள் அதன் அடிவாரத்துக்கு வரவில்லை. அதன் சரிவில் அன்று வாழ்ந்தவர்களுக்கும் தங்கள் மலை அந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அடிவாரத்துக்கு வந்து தங்கியவர்கள் வேறு கடலைக் கடந்து வந்தவர்கள். அவர்கள் உங்கள் பாட்டன், பூட்டன்மார். அவர்களுடையதும் தீவுக்குத் தீவு பாய்விரித்த பயணமே. இராமேசுவரத் தீவின் பக்கத்திலிருந்து மன்னார்த் தீவுக்கு, 1914இல் நீராவிக் கப்பற் சேவை தொடங்குவதற்கு முன், தோணிகளில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோ மீற்றர்தான். ஆனால் வயலையன்றி வேறொன்றும் அறியாத ஒரு தாய், மடியில் பிள்ளையோடு திறந்த தோணியில் இருந்து, அலை அறைந்து நனைந்தபடி கடந்த தூரத்தை எந்த அளவுகோலால் அளப்பது? இறங்கிய பின்னும் காட்டு வழியே நாட்கணக்கில் நடை, வழியில் வாந்திபேதி. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல்தான். சீனப் போர்வீரர் தம் மூன்று நாட் தாமதத்தை எழுதிவைத்ததால், அறுநூறு ஆண்டுகள் ஆகப்போகும் இந்நாளில் அதைப் பற்றிப் பேசுகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர் எவருக்கேனும் அந்தத் தோணியைப் பற்றிக் கேட்ட கதை நினைவிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளும் திகதியும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தேங்காய் வாங்கியது போன்ற சிறிய செய்தியாக இருந்தாலும் போதும்.

கடலைக் கடந்தவர்கள் நன்றியையும் எழுதிவைத்தார்கள். கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல் ஒன்றைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டின் திகதியைக் கொண்ட அக்கல், செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பகுதி தேவேந்திர முனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்குக் காணிக்கைகளைச் சொல்கிறது. கப்பல்கள் தீங்கின்றிப் போய்வந்தமைக்கு நன்றி என்பது சீனப் பகுதியின் கருத்து. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் பட்டியலில் உண்டு. கொந்தளித்த கடலை அறிந்தவர்களே அப்படி அள்ளிக் கொடுப்பார்கள்.

அந்த நீர்வழி இன்றும் வெறுமையாகக் கிடக்கவில்லை. தை, மாசி மாதங்களில் வாடைக்காற்று நிதானப்படும்போது, தாய்லாந்துப் பக்கத்திலிருந்து சிறிய பாய்ப்படகுகள் நிக்கோபார்த் தீவுகளைக் கடந்து நமது நாட்டுக்கு வருகின்றன. செய்மதி இடங்காட்டுவதால் கிளிமூக்கைத் தேட வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, சீனர் ஏழு நாட்களில் கடந்த அதே நீரை ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் கடந்து வந்ததையும் நாம் மறக்கவில்லை.

நிக்கோபாரில் கட்டிக் கிடந்த கப்பல்களை விட்டுவிட்டு வந்துவிட்டேன். நவம்பர் 15ஆம் திகதியோடு அந்த மூன்று நாட்களைக் கூட்டினால் 18. அன்று காற்று இணங்கி, அவர்கள் மேற்கே புறப்பட்டார்கள் என்று கொள்வோம். மா ஹுவான் சொன்ன ஏழு நாட்களைக் கூட்டினால் 25. அதற்குமேல் அவர் சொன்ன மூன்று நாட்களையும் கூட்டினால் 28. அவர்கள் இலங்கைத் துறையை அடைந்த நாளாகச் சீனப் பதிவில் உள்ளதும் நவம்பர் 28ஆம் திகதியே. ஆகவே, 25ஆம் திகதியை ஒட்டிய ஒரு நாளில்தான் அவர்களுடைய கண்கள் மேற்கே அந்த அலகைத் தேடியிருக்க வேண்டும். நவம்பர் மாதத்தில் நமுனுகுலவின் தலை முகிலுக்கு வெளியே தெரிவது எத்தனை அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். மழை சற்றே விட்டு, முகில் விலகும் அந்தச் சிறு இடைவெளி அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. சுக்கானைத் தெற்கே திருப்பினார்கள். மலை வலப்புறமாக மெல்லப் பின்னே போய், அடிவானத்தின் கீழ் இறங்கியது.